கல்லணையில ஆரம்பிச்சு கடல்ல முடிங்க: டெல்டாவைச் சுத்திப் பாக்க ஒரு முழு வழிகாட்டி

லீவு வந்தா போதும், சென்னையிலேர்ந்தும் கோயமுத்தூர்லேர்ந்தும் சொந்தக்காரங்க எங்க வீட்ல வந்து இறங்கிடுவாங்க. பாபநாசம் பக்கம் ஆத்தங்கரை கிராமம் எங்களுது. பையை வச்சதும் முதல் கேள்வி "எங்கெங்கடா கூட்டிட்டுப் போகப் போற"ங்கறதுதான். ஒரு மே மாசம் நானும் வீறாப்பா சித்தப்பா குடும்பத்தை ஒரே நாள்ல ஏழு கோயில் காட்டறேன்னு கிளப்பிட்டுப் போனேன், மத்தியானம் ஒண்ணரை மணிக்கு தாராசுரத்துல நிக்கறோம், கருங்கல் தரை காலை வறுக்குது, சின்னவன் அழுதுகிட்டே சித்தப்பா தோள்ல ஏறிட்டான், பெரியவ கார்லேர்ந்து இறங்கவே மாட்டேன்னுட்டா. ராத்திரி ரசம் ஊத்திக்கும்போது சித்தி சொன்னாங்க, "எல்லாம் ஒரே மாதிரிதாண்டா இருந்துச்சு, எது எந்த ஊருன்னே ஞாபகம் இல்ல." சுருக்குனு இருந்துச்சு. தாராசுரமும் பெரிய கோயிலும் ஒரே மாதிரியா? ஆனா தப்பு அவங்க மேல இல்லையே, கூட்டிட்டுப் போன விதம் அப்படி.

அதுலேர்ந்து ஒரு வழக்கம் வச்சிருக்கேன். கோயில் லிஸ்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு தண்ணி போற வழியே போறது. டெல்டால ஊர், கோயில், கோட்டை, துறைமுகம் எல்லாமே ஆறு இருக்கற இடத்துலதான் இருக்கு, அதனால ஆத்தைப் பிடிச்சுகிட்டா மத்ததெல்லாம் தானா வரிசையா வந்துடும், எதுக்கு அப்புறம் எதுன்னு குழந்தைங்களுக்கே புரியும். நாலு நாள் இருந்தா நல்லது, ரெண்டு நாள்தான்னா பாதியை விட்டுடுங்க, தப்பில்ல.

முதல்ல மாசத்தைப் பாருங்க

ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. மேட்டூர் அணையில தண்ணி இருந்தா ஜூன் 12 திறப்பாங்க, மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துடும், கடைசியா தண்ணி போற கடைமடை ஊர்களுக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும். ஆடி, ஆவணியில ஆறெல்லாம் ஓடிகிட்டு குறுவை நெல்லுப் பச்சை கண்ணுக்குக் குளுமையா இருக்கும். ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்தங்கரை ஒவ்வொண்ணும் திருவிழா, பொண்ணுங்க மஞ்சக்கயிறு கட்டிகிட்டு காப்பரிசி வச்சுப் படைக்கறதைப் பாக்கணும்னா அன்னிக்கு வாங்க, கல்லணையில மட்டும் நிக்க இடம் இருக்காது.

ஐப்பசி கார்த்திகையில வராதீங்க, அடைமழை. புயல் வந்தா பஸ் ரயில் ஒண்ணும் நிச்சயம் இல்ல. என்னைக் கேட்டா மார்கழி பாதியிலேர்ந்து தை கடைசி வரைக்கும்தான் சரியான நேரம். வெயில் இருக்காது, சம்பாக் கதிர் முத்தி வயலெல்லாம் மஞ்சளா சாய்ஞ்சிருக்கும், பறவையெல்லாம் வந்திருக்கும். ஒரே சிக்கல், தையில அறுப்பு நடக்கும், நெல்லை ரோட்டுலயே கொட்டிக் காய வச்சிருப்பாங்க, பாதி ரோட்டுல நெல்லு மீதிப் பாதியில அறுப்பு மிஷின்னு இருக்கும், அரை மணி நேரத்துல போற தூரத்துக்கு ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க. தயவுசெஞ்சு நெல்லு மேல காரை ஏத்தாதீங்க.

மே மாசம் வந்தா? ஆத்துல மணல்தான் இருக்கும். என் சித்தியைக் கேட்டுக்கோங்க.

தங்கறது, வண்டி, சாப்பாட்டு மணி

தஞ்சாவூர்ல ஒரு ராத்திரி, கும்பகோணத்துல ரெண்டு ராத்திரி, இது போதும். தினம் ஒரு ஊர்ல மூட்டை கட்டி மூட்டை பிரிச்சா பாதி லீவு அதுலயே போயிடும். முகூர்த்த நாளா, குருப்பெயர்ச்சி சனிப்பெயர்ச்சி ஏதாவது இருக்கான்னு காலண்டர்ல ஒரு தடவை பாத்துடுங்க, அன்னிக்கு ஆலங்குடி திருநள்ளாறு பக்கம் வர்ற கூட்டத்துல கும்பகோணத்துல ரூம் கிடைக்கறது கஷ்டம்.

ரெண்டு பேர்னா டூவீலர் வாடகைக்கு எடுத்துக்கறது உத்தமம், ஆத்துக்கரை ரோடெல்லாம் அதுக்குன்னே போட்ட மாதிரி இருக்கும். குடும்பமா வந்தா கார். மெயின் ஊர்களுக்கு பஸ்ஸும் தாராளமா இருக்கு, ஆனா நான் சொல்ற ரெண்டு மூணு இடத்துக்கு பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடிக்கணும்.

முக்கியமான விஷயம், மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் பெரும்பாலான கோயில் நடை சாத்திருக்கும். இந்த நாலு மணி நேரத்தை என்ன பண்றதுன்னு தெரியாமதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. காலையில ஏழு மணிக்கே ஒரு கோயில், சாயங்காலம் நாலரைக்கு மேல ஒரு கோயில், நடுவுல அரண்மனை, பட்டறை, அணை, இல்லன்னா வாழை இலைச் சாப்பாடும் ஒரு தூக்கமும். ஒரு நாளைக்கு ரெண்டு கோயிலுக்கு மேல வேண்டாம்.

முதல் நாள்: கல்லணை

திருச்சியில இறங்கி நேரா கல்லணைக்கு வந்துடுங்க, இருபது கிலோமீட்டர் சொச்சம். பாலத்துக்கு நடுவுல போய் நின்னு சுத்தி ஒரு தடவை பாருங்க. வடக்கால அகலமா கிடக்கறது கொள்ளிடம், அடுத்தது காவிரி, அடுத்தது வெண்ணாறு, கடைசியா தெற்கால புது ஆறுன்னு நாங்க சொல்ற கல்லணைக் கால்வாய். முதல் மூணும் பழசு, புது ஆறு மட்டும் மேட்டூர் அணை வந்த 1934ம் வருஷத்தையொட்டி வெட்டினது.

கரிகாலன் கட்டினான்னு எல்லாருக்கும் தெரியும், எதுக்குக் கட்டினான்னு கேட்டா பாதிப் பேர் தண்ணி தேக்கறதுக்குன்னுவாங்க. இங்க தேக்கி வைக்கற வேலையே கிடையாது. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. விட்டா மொத்தத் தண்ணியும் பள்ளத்துல சரிஞ்சு நேரா கடலுக்குப் போயிடும், தஞ்சாவூர் பக்கம் சொட்டு வராது. அது சரியாம தடுத்து, வயலுக்குத் தேவையானதைக் காவிரிப் பக்கம் திருப்பிட்டு, வெள்ளம் வந்தா மட்டும் கொள்ளிடத்துல தள்ளி விடறதுதான் கல்லணையோட வேலை. ஆத்து மணல்ல பாறாங்கல்லைப் போட்டுப் போட்டு அது தானா அமுங்கி நிக்கற வரைக்கும் போட்டு எழுப்பினது அந்தப் பழைய கட்டுமானம். 1830கள்ல இதுக்கு மணல் போக்கி, அதாவது சேர்ற மணலைத் தள்ளி விடற மதகு வச்சு சரி பண்ணின வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணல்ல எப்படி அஸ்திவாரம் போடறதுன்னு இங்கேர்ந்துதான் கத்துக்கிட்டோம்னு எழுதி வச்சிருக்காரு. இன்னிக்கு நாம பாக்கற மதகு, பாலம் எல்லாம் பின்னாடி வந்தது, பழசு அதுக்கு அடியில இருக்கு. அதனால "ரெண்டாயிரம் வருஷத்துப் பாலமா இது"ன்னு ஏமாந்துடாதீங்க.

குளிக்க இறங்காதீங்க. மேலேர்ந்து பாத்தா சாதுவா தெரியும், மதகுக்குக் கீழ சுழல். ஒவ்வொரு வருஷமும் யாராவது போறாங்க. மீன் வறுவல் வாங்கிகிட்டு கரையில உக்காருங்க, போதும்.

இங்க நிக்கும்போதே முடிவு பண்ணிக்கோங்க. இந்த நாலு தண்ணியும் நாலு டூர். காவிரியோட போனா திருவையாறு, கும்பகோணம், பூம்புகார். கொள்ளிடத்தோட போனா அணைக்கரை, கங்கைகொண்ட சோழபுரம். வெண்ணாத்தோட போனா மன்னார்குடி, திருவாரூர், முத்துப்பேட்டை. புது ஆத்தோட போனா தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, மனோரா. முதல் தடவை வர்றவங்களுக்கு காவிரியும் நடுவுல ஒரு நாள் கொள்ளிடமும், இதான் என் கணக்கு.

அஞ்சு பாலம் எண்ணுங்க

கல்லணையிலேர்ந்து கரை ரோட்டுலயே திருவையாறு வந்துடலாம். ஐயாறப்பர் கோயில் பிராகாரத்துல ஒரு இடத்துல நின்னு "ஐயாறா"ன்னு கூப்பிட்டா திரும்பத் திரும்ப எதிரொலிக்கும், குழந்தைங்களை அங்கேர்ந்து கிளப்பறது கஷ்டம். காவிரிக் கரையில தியாகராஜர் சமாதி. அவர் மறைஞ்சது 1847ல, அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சு தன் சொத்தையெல்லாம் போட்டு கோயிலா எழுப்பினது பெங்களூர் நாகரத்தினம்மாள். தை மாசம் பகுள பஞ்சமிக்கு ஆராதனை, பஞ்சரத்னம் பாடறப்ப பந்தல் முழுக்க ஒரே குரலா இருக்கும். மத்த நாள்ல யாருமே இருக்க மாட்டாங்க, எனக்கு அதுதான் பிடிக்கும். படித்துறையில காலைத் தொங்கப் போட்டு உக்காந்துட்டு, கிளம்பறப்ப அசோகா வாங்கிக்கோங்க, பாசிப்பருப்புல செய்யற அல்வா, சூடா இருந்தா இலையில நெய் நிக்கும்.

அங்கேர்ந்து தஞ்சாவூர் பதிமூணு கிலோமீட்டர்தான், ஆனா அதுக்குள்ள காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறுன்னு அஞ்சு ஆத்தைத் தாண்டணும். ஊருக்கு ஐயாறுன்னு பேர் வந்ததே இந்த அஞ்சாலதான்னு சொல்லுவாங்க. கார்ல பின் சீட்டுல இருக்கறவங்களை எண்ணச் சொல்லுங்க. என் தங்கச்சி பையன் நாலாவது பாலத்துல "மாமா, இதெல்லாம் ஒரே ஆறுதானே, எதுக்கு வேற வேற பேரு"ன்னு கேட்டான். டெல்டான்னா என்னன்னு அதுக்கு மேல நான் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லாமப் போச்சு.

பெரிய கோயில்: சாயங்காலம் போங்க, திரும்ப காலையிலயும் போங்க

1010ல ராஜராஜன் முடிச்சது, இருநூறு அடிக்கு மேல விமானம், 1987லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, இதெல்லாம் எல்லா இடத்துலயும் படிச்சிருப்பீங்க. நிழல் கீழ விழாதுன்னு ஒரு கதை சுத்திகிட்டே இருக்கு, அது கதைதான், சாயங்காலம் போனா நிழல் ஜம்முனு தரையில நீட்டிப் படுத்திருக்கறதை நீங்களே பாக்கலாம். பெரிய நந்தியும் ராஜராஜன் வச்சது இல்ல, நாயக்கர் காலத்துது.

நான் காட்டறது வேற. ரெண்டாவது வாசல், அதாவது ராஜராஜன் திருவாசல் தாண்டி உள்ள போய் விமானத்தோட அடிப்பக்கத்துக்குப் போங்க. இடுப்பு உசரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி எழுத்து. நான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்டுங்கன்னு ராஜாவே சொன்னது அங்க இருக்கு. அக்கன்னா குந்தவை. கோயில்ல ஆட வந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர், யார் யாரு, எந்தக் கோயில்லேர்ந்து வந்தவங்க, எந்தத் தெருவுல எத்தனாவது வீடுன்னு ஒரு வீட்டு ரிஜிஸ்டர் மாதிரியே சுத்து மதில்ல வெட்டி வச்சிருக்காங்க. ஆயிரம் வருஷம் ஆச்சு, கட்டின ஆளுங்கள்ல பாதிப் பேரோட பேர் தெரியல, இந்தப் பொண்ணுங்க வீட்டு விலாசம் தெரியுது. கொஞ்ச நேரம் நின்னா 'க', 'ட', 'ப', 'ர' மாதிரி சில எழுத்து நமக்கே பிடிபட ஆரம்பிச்சுடும்.

மறுநாள் காலையில வெயில் ஏறறதுக்குள்ள இன்னொரு தடவை போயிட்டு வந்துடுங்க, காலை வெளிச்சத்துல கல்லு கலரே வேற. கோயிலை ஒட்டிப் போற தண்ணி என்னன்னு பாத்தீங்களா? நேத்து கல்லணையில பாத்த அதே புது ஆறுதான்.

அரண்மனையில கலைக்கூடத்தை மட்டும் விடாதீங்க, சோழர் காலத்துச் செப்புத் திருமேனி அங்க இருக்கற மாதிரி பக்கத்துல நின்னு பாக்கற வசதி கோயில்ல கிடைக்காது, அங்க பட்டும் பூவும் மூடியிருக்கும். சரஸ்வதி மஹால்ல சரபோஜி சேத்த சுவடி, படம் எல்லாம் கொஞ்சம் காட்சிக்கு வச்சிருப்பாங்க. ரெண்டையும் மத்தியானத்துக்குள்ள முடிக்கலாம். தலையாட்டி பொம்மை வாங்கறதா இருந்தா உக்கார வச்சு தட்டிப் பாத்து வாங்குங்க, சாஞ்சது தானா நிமிரணும்.

ரெண்டாம் நாள்: உள்ளங்கை அளவு ராமாயணம்

தஞ்சாவூர் கும்பகோணம் பழைய ரோட்டுல பசுபதிகோயில்னு ஒரு ஊர், அதை ஒட்டி குடமுருட்டிக் கரையில புள்ளமங்கை. பெரும்பாலானவங்க தாண்டிப் போயிடறாங்க. ஒரே ஒரு இடத்தை மட்டும் பாக்க எனக்கு நேரம் இருக்குன்னு யாராவது சொன்னா பெரிய கோயிலைக் கூட விட்டுட்டு இங்கதான் கூட்டிட்டுப் போவேன், வீட்ல திட்டுவாங்க, பரவாயில்ல.

ஆலந்துறைநாதர் கோயில், முதலாம் பராந்தகன் காலத்துது, அதாவது பெரிய கோயிலுக்கு முன்னாடி. சின்னது, கருவறையைச் சுத்தி பள்ளமா அகழி மாதிரி விட்டிருப்பாங்க. குனிஞ்சு அடிப்பக்கத்தைப் பாருங்க. தூண் பாதம் ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்னச் சதுரம், நம்ம உள்ளங்கை அளவுக்குதான் இருக்கும், அதுக்குள்ள ராமாயணத்துல ஒரு காட்சி. வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்றது, பக்கத்துல சிவன் ஆடறது, எல்லாம் அந்தக் கையளவுக்குள்ள. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிங்க, நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, பக்கத்துலேர்ந்து அடிச்சா நிழல் விழுந்து விரல் நகம் கூட எழுந்து வரும். வடக்குப் பக்கம் எருமைத் தலை மேல நிக்கற துர்க்கை, மேல குடை, ரெண்டு பக்கமும் வீரர்கள். கணபதியைச் சுத்தி பூதகணங்க ஒவ்வொண்ணும் ஒரு மூஞ்சி பண்ணிகிட்டு நிக்கும், எங்க வீட்டுப் பசங்களைப் பாக்கற மாதிரியே இருக்கும். காலையில சீக்கிரம் போங்க, குருக்கள் பூட்டிட்டுப் போயிட்டா பக்கத்துத் தெருவுல கேட்டா வழி சொல்லுவாங்க.

சுவாமிமலை பட்டறை

மத்தியான நேரத்துக்கு இதை விட நல்ல இடம் கிடையாது. ஸ்தபதிங்க பட்டறை வரிசையா இருக்கும், பாக்கலாமான்னு கேட்டுட்டு உள்ள போங்க, வேலை நெருக்கடியா இருந்தா தவிர வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. தென்னங்குருத்து ஓலையை நறுக்கி மடிச்சு மடிச்சு அளவு எடுக்கறதுலேர்ந்து ஆரம்பம். தேன்மெழுகும் குங்கிலியமும் காய்ச்சிக் கலந்த மெழுகுல முழுச் சிலையும் முதல்ல வந்துடும், விரல், ஒட்டியாணம், சடைமுடி எல்லாம். அது மேல காவிரி வண்டல் மண்ணை மெல்லிசா பூசறாங்க. இந்த மண்ணு அவ்வளவு மைய இருக்கறதாலதான் மெழுகுல இருக்கற சின்னக் கோடு கூட அச்சுல பதியுது. சிற்பிங்க இந்த ஊரை விட்டு நகராததுக்கு ஆத்து மண்ணும் ஒரு காரணம்.

மண்ணு காய்ஞ்சதும் சூடு காட்டினா உள்ள இருக்கற மெழுகு உருகி வழிஞ்சுடும், அந்தக் காலி இடத்துல உருக்கின உலோகத்தை ஊத்தறாங்க. ஆறினப்புறம் மண்ணை உடைக்கணும். அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான், அதே மாதிரி இன்னொண்ணு வேணும்னா திரும்ப மெழுகுலேர்ந்து வரணும். நான் போன அன்னிக்கு ஒரு பெரியவர் அம்மன் கை விரலுக்கு அரம் போட்டுகிட்டு இருந்தாரு, அரை மணி நேரம் நின்னேன், அதே ஒரு விரல்தான். வாங்கற எண்ணம் இல்லன்னா பேரம் பேசி அவங்க நேரத்தைக் கெடுக்காதீங்க, சின்னதா ஒரு விளக்கு வாங்கினா போதும்.

சாயங்காலம் தாராசுரம்

இந்தத் தடவை நாலரைக்கு மேல. ரெண்டாம் ராஜராஜன் கட்டினது, பெரிய கோயிலுக்கு நூத்தம்பது வருஷம் பின்னாடி. 2004ல இதையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேத்து யுனெஸ்கோ பட்டியலை நீட்டினாங்க. பெரிய கோயில்ல தலையை நிமித்திப் பாத்தீங்கன்னா இங்க தலையைக் குனிஞ்சு பாக்கணும். சக்கரம் குதிரையோட தேர் மாதிரி இழுத்துட்டுப் போற மண்டபம், ஒரே தலையில யானையாவும் காளையாவும் தெரியற சிற்பம் (ஒரு கையால பாதியை மறைச்சுப் பாருங்க), தட்டினா சுரம் வருதுன்னு சொல்ற படி, அதுக்கு இப்ப கம்பி போட்டுட்டாங்க. நாயன்மார் கதை அறுபத்து மூணும் கருவறைச் சுவர் அடியில வரிசையா இருக்கு.

ராத்திரிக்கு கும்பகோணம். காலையில இட்லிக்கு கடப்பா கிடைக்குதான்னு கேளுங்க, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது, ஞாயித்துக்கிழமைன்னா சான்ஸ் ஜாஸ்தி. டிகிரி காபியை பித்தளை டவரால வச்சு விக்கறது இப்ப ஹைவே முழுக்க வந்துடுச்சு, ஆனா ஊருக்குள்ள சாதா காபி கிளப்புல எவர்சில்வர் டம்ளர்ல குடிக்கறதுதான் எனக்கு இறங்கும். சாரங்கபாணி சன்னதித் தெருவுல கணித மேதை ராமானுஜன் வளந்த வீடு இருக்கு, ஜன்னலோரக் கட்டிலைப் பாத்துட்டு வாங்க. நாகேஸ்வரன் கோயில் கோஷ்டத்துல, அதாவது கருவறை வெளிச்சுவர் மாடத்துல நிக்கற மனுஷ உருவங்களைத் தேடிப் பாருங்க, சாமி இல்ல, யாரோ நிஜமான ஆளுங்க மாதிரி நிப்பாங்க. மகாமகக் குளம் அடுத்து நிரம்பி வழியறது 2028ல, அந்த வருஷம் மாசியில டூர்னு நினைச்சுகிட்டு இந்தப் பக்கம் வராதீங்க.

மூணாம் நாள்: கொள்ளிடத்தைத் தாண்டி

கும்பகோணத்துலேர்ந்து வடக்கால முப்பத்தஞ்சு கிலோமீட்டர் கங்கைகொண்ட சோழபுரம். போற வழியில அணைக்கரை, கொள்ளிடத்து மேல கீழணை, பழைய குறுகலான பாலம், மெதுவா போங்க. வண்டியை ஓரமா நிறுத்தி அந்த அணையை ஒரு பார்வை பாத்து வச்சுக்கோங்க.

ராஜேந்திரன் அப்பா கோயிலை விட விமானத்தைக் கொஞ்சம் குட்டையாத்தான் கட்டியிருக்கான், ஆனா நேரா நிமிர்ந்து நிக்காம உள் வாங்கி வளைஞ்சு ஏறும், தஞ்சாவூர் பக்கத்துல நின்னு பாத்த கண்ணுக்கு இது மெத்துனு இருக்கும். வடக்கு வாசல் படியோரம் சிவன் சண்டிகேசருக்குத் தலையில பூமாலை சுத்தி விடற சிற்பம், சண்டிகேசர் கையைக் கூப்பி தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கற அந்தக் கழுத்தைப் பாருங்க. சிங்க வாய்க்குள்ள படி இறங்கற கிணறு குழந்தைங்களுக்கு. இங்கதான் ஒரு பெரிய தலைநகரமே இருந்துச்சு, இப்ப சுத்தி வயலும் முந்திரியும். மாளிகைமேட்டுல அரண்மனை அஸ்திவாரச் செங்கல் மட்டும் தோண்டி வச்சிருக்காங்க. கங்கைத் தண்ணியைக் கொண்டு வந்து ஊத்தி அவன் வெட்டின சோழகங்கம் ஏரியை நீர்மயமான வெற்றித் தூண்னு செப்பேடு சொல்லுது.

மதில் எங்கன்னு தேடுவீங்க. 1836ல கீழணை கட்டறப்ப கல்லு வேணும்னு இந்தக் கோயில் சுத்துச் சுவரையும் கோபுரத்தையும் உடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. வர்ற வழியில நிறுத்திப் பாத்தீங்களே, அங்க இருக்கு.

திரும்பி வந்து சாயங்காலம் சும்மா இருங்க. முடியலன்னா திருபுவனம் போய் பட்டுத் தறி பாருங்க.

நாலாம் நாள்: கடல்

மயிலாடுதுறை வழியா முதல்ல தரங்கம்பாடி. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் கிட்ட அனுமதி வாங்கி டென்மார்க்காரங்க கட்டின கோட்டை கடலைப் பாத்து நிக்குது, 1845ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போனாங்க. ஊர் வாசல் வளைவுல நுழைஞ்சா ராஜா வீதி, ரெண்டு பக்கமும் பழைய பங்களா, சத்தமே இருக்காது. 1706ல வந்து இறங்கின ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்க அச்சுக்கூடம் வச்சு 1715ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சாரு, அவர் கட்டின 1718ம் வருஷத்து சர்ச்சு இன்னும் நடக்குது, உள்ளதான் அவரை அடக்கம் பண்ணியிருக்காங்க. கரையில மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்துது, முன்பக்கத்தைக் கடல் தின்னுடுச்சு. மத்தியானம் மீன் குழம்பு சாப்பாடு இங்கயே முடிச்சுக்கோங்க.

நாகூர் போக நேரம் இருந்தா அஞ்சு மினாராவையும் பாருங்க, உசரமானது 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. வாசல்ல வாடா வாங்கிச் சாப்பிடுங்க, வெங்காயம் இறால் வச்சது.

வெண்ணாத்துப் பக்கம் போறவங்களுக்கு

ரெண்டாவது தடவை வர்றவங்க, இல்லன்னா மார்கழி தையில வந்து பறவை பாக்கணும்ங்கறவங்க இந்தப் பக்கம் போங்க. திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகுன்னு வசனமே இருக்கு. திருவாரூர்ல கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலின்னு கணக்கு, வேலிங்கறது பழைய நில அளவு. கமலாலயம் படியில சாயங்காலம் உக்காந்தா எழுந்திருக்கத் தோணாது. வடுவூர் ஏரியில கார்த்திகையிலேர்ந்து பறவை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகு பிடிச்சுப் போகலாம், வனத்துறையில முன்கூட்டியே கேட்டுக்கணும், நடுவுல தண்ணியில வேர் மேல நிக்கற காடு.

கோடியக்கரையில வெளிமானும் பூநாரையும். நான் ஒரு தடவை ஜூலையில பூநாரை பாக்கலாம்னு கிளம்பிப் போய் மட்டக்குதிரையைப் பாத்துட்டு வந்தேன், நவம்பருக்கு அப்புறம் போங்க. 2018 கஜா புயல் இந்தக் காட்டையும் சுத்துவட்டாரத் தென்னையையும் சாய்ச்சுப் போட்டுட்டுப் போனதோட அடையாளம் அங்கங்க தெரியும். வழியில வேதாரண்யம், 1930ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து வந்து உப்பு எடுத்த இடம் அகஸ்தியம்பள்ளியில, இன்னிக்கும் ரெண்டு பக்கமும் உப்பளம்தான். புது ஆத்துப் பக்கம் போனா பட்டுக்கோட்டை தாண்டி கடலோரம் மனோரா, நெப்போலியன் தோத்ததுக்கு தஞ்சாவூர் சரபோஜி கட்டின எட்டு அடுக்குக் கோபுரம், நெப்போலியனுக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் என்ன சம்பந்தம்னு நின்னு யோசிக்கலாம்.

கடைசியா பூம்புகார்

தரங்கம்பாடியிலேர்ந்து வடக்கால கரையோரமாவே வந்துடலாம். எதிர்பார்ப்பைக் குறைச்சுகிட்டு வாங்க. சிலப்பதிகாரத்துல படிச்ச மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் இங்க கிடையாது, கடல் எடுத்துகிச்சு. 1973ல கட்டின ஏழடுக்குச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்துல கண்ணகி கதையைக் கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க, ஒரு தடவை பாக்கலாம். மேலையூர் பல்லவனேஸ்வரத்துல புத்த விகாரத்தோட செங்கல் அடித்தளம் இருக்கு, எனக்கு அது கலைக்கூடத்தை விடப் பிடிக்கும். அலை இழுக்கும், கடல்ல இறங்கவே வேண்டாம்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு முகத்துவாரத்துக்குப் போங்க. திருச்சியில ஒரு கரையிலேர்ந்து மறு கரை ஆளு சின்னதா தெரியற காவிரி, வழியெல்லாம் குடமுருட்டிக்கும் அரசலாத்துக்கும் எத்தனையோ வாய்க்காலுக்கும் கொடுத்துக் கொடுத்து, இங்க வந்து சேரும்போது எங்க ஊர் வாய்க்கால் அகலத்துக்குதான் இருக்கும். போன தைக்கு சித்தியை திரும்பக் கூட்டிட்டு வந்தேன். கரையில நின்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கல்லணையில பாத்தோமே, அதுவா இது"ன்னாங்க. அதேதான்னேன். செருப்பைக் கழட்டிட்டு கணுக்கால் வரைக்கும் தண்ணியில போய் நின்னாங்க, இருட்டற வரைக்கும் கிளம்பலாம்னே சொல்லல.